கடலோரக் காகித ஆலை: மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் நோட்டு விலை ஏறியதும் மதுரைத் தாள் கடைகளில் ஒரு வாக்குவாதம் தவறாமல் கிளம்பும். ‘தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறது, கடல் இருக்கிறது. அங்கே ஒரு காகித ஆலையைக் கட்டிவிட்டால் வெளியூர்க்காரன் சொல்லும் விலைக்கு நாம் ஏன் தலையாட்ட வேண்டும்?’ அச்சகத்தார், பைண்டிங் பட்டறைக்காரர்கள், ஆசிரியர்கள், சவுக்கு போட நினைக்கும் விவசாயிகள் என்று எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். தாள் விற்கும் தொழிலில் இருப்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுகிறது. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தொடங்குவதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

கூழ் ஆலை என்கிறார்கள், காகித ஆலை என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மரத்தையோ கரும்புச் சக்கையையோ வேகவைத்து நாரைப் பிரித்தெடுப்பது கூழ் ஆலை. அந்த நாரைத் தண்ணீரில் கலக்கித் தாளாக ஓட்டுவது காகித ஆலை. இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தால் செலவு குறையும். பெரிய ஆலைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன.

பிரிந்தும் இருக்கலாம். கூழை மட்டும் செய்து, கெட்டியான அட்டைபோல உலர்த்தி, பேல் கட்டிக் கப்பலில் ஏற்றிவிடும் ஆலைகள் உலகில் ஏராளம். அதை வாங்கித் தாள் மட்டும் ஓட்டும் ஆலைகளும் உண்டு. நம் பக்கத்துச் சிறிய ஆலைகள் பல, கூழே காய்ச்சாமல் கழிவுத் தாளைக் கரைத்துப் பழுப்புத் தாளும் அட்டையும் செய்பவை. ‘ஆலை வேண்டும்’ என்பவர்கள் இதில் எதைக் கேட்கிறார்கள் என்று தெளிவாக்கிக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது மரத்திலிருந்து தொடங்கும் முழு ஆலையைப் பற்றி.

ஒரு பக்கம் மரம் போகிறது, மறு பக்கம் தாள் வருகிறது. நடுவில் என்னதான் நடக்கிறது, அண்ணாச்சி?

மரத்தில் ஏறக்குறைய பாதி செல்லுலோஸ் நார். அந்த நார்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசைப் பொருள் லிக்னின். ஆலையின் முதல் வேலை லிக்னினைக் கரைத்து நாரை விடுவிப்பது. பட்டையுரித்த மரத்தைச் சில்லுகளாக வெட்டி, டைஜஸ்டர் என்னும் உயரமான அழுத்தக் கலனில் போட்டு, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் சேர்ந்த கரைசலில் 160 முதல் 170 டிகிரி வெப்பத்தில் வேகவைக்கிறார்கள். இதற்குக் கிராஃப்ட் முறை என்று பெயர். 1879-இல் கார்ல் டால் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது. இன்றும் உலகின் பெரும்பகுதிக் கூழ் இந்த வழியில்தான் வருகிறது. வெந்த கூழ் பழுப்பாக இருக்கும். அதை அலசி, வெளுத்து, அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறார்கள்.

தாள் ஓட்டும் எந்திரத்துக்குள் நுழையும்போது அந்தக் கூழில் நூற்றுக்கு 99 பங்கு தண்ணீர். நீராகாரத்தைவிட நீர்த்துப் போயிருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் சல்லடைப் பட்டையில் அதைப் பரப்பும்போது நீர் கீழே வடிந்து நார் மேலே தங்குகிறது. பிறகு உருளைகளுக்கு இடையே பிழிகிறார்கள்; அப்போதும் பாதிக்கு மேல் ஈரம் இருக்கும். நீராவியால் சூடேறிய உருளைகளின் வரிசையில் மிச்சத்தை உலர்த்தி, கடைசியில் 5 சதவீத ஈரத்தோடு பெரிய ரீலில் சுற்றுகிறார்கள். நவீன எந்திரங்களில் இந்தத் தாள் நிமிடத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல் பாய்கிறது. வழியில் ஓரிடத்தில் அறுந்தால் மொத்த ஓட்டமும் நிற்கும்.

பார்வையாளர்கள் எல்லோரும் தாள் எந்திரத்தைத்தான் வாய்பிளந்து பார்ப்பார்கள். ஆலையின் உயிர் பின்கட்டில் இருக்கும் ரெக்கவரி பாய்லரில் இருக்கிறது. கூழ் அலசிய கறுப்புத் திரவத்தை பிளாக் லிக்கர் என்பார்கள். கரைந்த லிக்னினும் போட்ட ரசாயனமும் அதில் இருக்கும். அதைச் சுண்டவைத்து எரித்தால் லிக்னின் எரிபொருளாகி நீராவியும் மின்சாரமும் தருகிறது. ரசாயனம் உருகிய உப்பாக அடியில் வடிகிறது. அதைச் சுண்ணாம்போடு வினைபுரியச் செய்தால் பழைய காஸ்டிக் கரைசல் திரும்பக் கிடைக்கும். 1930-களில் டாம்லின்சன் வடிவமைத்த இந்த பாய்லர் வந்த பிறகுதான் கிராஃப்ட் ஆலைகள் லாபம் கண்டன. இந்தச் சுற்று எங்கே உடைந்தாலும் கடனும் கழிவும் ஒன்றாகப் பெருகும். கீழே வரும் பல பதில்கள் இந்தச் சுற்றையே சார்ந்தவை.

ஒரு டன் தாளுக்கு 17 மரம் வெட்டுகிறார்கள் என்று என் பெண் பள்ளியில் எழுதியிருக்கிறாள். சரிதானா?

எந்த மரம் என்று சொல்லாமல் எண்ணிக்கை சொல்வதில் பொருளில்லை. ஐந்து வயதுச் சவுக்கும் அறுபது வயது பைன் மரமும் ஒன்றாகுமா? எடையில் பேசுவதே சரி. வெளுத்த கூழ் ஒரு டன் எடுக்க, ஈரமில்லாத கணக்கில் இரண்டு டன்னுக்கு மேல் மரம் வேண்டும். பச்சை மரத்தில் பாதி தண்ணீர் என்பதால் லாரியில் வரும் எடை அதைப்போல் இரு மடங்கு.

தாள் முழுக்க மரமும் அல்ல. எழுதும் தாளில் 10 முதல் 20 சதவீதம் வரை சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்புப் பொருள் இருக்கும். தாளை நிறுத்துப் பார்க்க எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன்: ஏ4 தாள்கள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட ரீம் இரண்டரைக் கிலோ. ரீமை வாங்கியதும் தராசில் வையுங்கள். 75 ஜி.எஸ்.எம். தாளை 80 என்று விற்பவர்கள் அகப்படுவார்கள்.

வெளிநாடுகளில் ஆலையைக் கடலோரத்தில் கட்டுகிறார்களே, ஏன்?

கனமான சரக்கைக் குறைந்த செலவில் நகர்த்தத்தான். கனடாவின் மேற்குக் கரையில் பவல் ரிவர் என்ற ஊர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ட்லாமின் பழங்குடியினர் வாழ்ந்த இடத்தில் எழுந்த அந்த ஆலை, 1912-இல் மேற்குக் கனடாவின் முதல் செய்தித்தாள் காகிதச் சுருளை ஓட்டியது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய செய்தித்தாள் காகித ஆலை என்று பெயர் வாங்கியது. கரையோரக் காடுகளில் வெட்டிய மரங்களை மிதவைகளாகக் கட்டிக் கடல் வழியே இழுத்து வந்தார்கள். அந்த மிதவைகளை அலையிலிருந்து காக்கப் பழைய கப்பல்களைச் சங்கிலியால் பிணைத்து மிதக்கும் அரணாக நிறுத்தினார்கள். சிமெண்ட் கான்கிரீட்டால் கட்டிய உலகப்போர்க் காலக் கப்பல்களும் அதில் உண்டு. ஓட்டிய தாள் ஆலை வாசலிலேயே கப்பல் ஏறியது.

பலர் கவனிக்காத செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்த ஆலைக்குப் பின்னாலேயே மேட்டில் ஒரு பெரிய நன்னீர் ஏரி. ஏரியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஆறு மிகக் குட்டையானது. அதில் அணை கட்டி மின்சாரமும் தண்ணீரும் எடுத்தார்கள். அவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் கடல் பாதிக் காரணம், ஏரி மீதிப் பாதி. பிரேசிலின் அராக்ரூஸ் ஆலையும் கடலோரம்தான். 1978-இல் உற்பத்தியைத் தொடங்கியது. நம் ஊரில் வளர்கிற அதே யூகலிப்டஸ் மரத்தைத் தோட்டமாக வளர்த்து, கூழாக்கி, அருகிலேயே அமைத்த தனித் துறைமுகத்திலிருந்து உலகெங்கும் அனுப்புகிறார்கள்.

தண்ணீர்தான் பிரச்சினை என்றால் கடல் நீரையே பயன்படுத்தக் கூடாதா?

எந்திரங்களைக் குளிர்விக்க மட்டும் பயன்படுத்தலாம். கூழுக்குள் விடக் கூடாது. மேலே சொன்ன ரசாயனச் சுற்றை நினைத்துப் பாருங்கள்: உள்ளே போனது திரும்பத் திரும்பச் சுற்றும். சமையல் உப்பு அந்தச் சுற்றுக்குள் புகுந்தால் எளிதில் வெளியேறாது, சேர்ந்துகொண்டே போகும். பாய்லர் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே உருகிப் பசையாகி, குழாய்களுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். குளோரைடு இரும்பை அரிக்கும். குழாய் ஓட்டையாகி, உருகிய உப்பின் மேல் தண்ணீர் பட்டால் வெடிக்கும். காகித ஆலைக்காரர்கள் மிகவும் அஞ்சும் விபத்து இதுதான்.

கனடாவின் கடலோர ஆலைகளுக்குக் கடலில் மிதந்து வந்த மரத்தின் உப்பே தலைவலியாக இருந்தது. அந்த மரத்தின் பட்டைகளை பாய்லரில் எரித்தபோது, உப்பிலிருந்த குளோரினால் டையாக்சின் என்ற நச்சு உருவாவதும் தெரியவந்தது. மரம் கொஞ்ச நாள் உப்பில் ஊறியதற்கே இந்தப் பாடு.

நம் தமிழ்க் கடற்கரையில் எப்போதாவது காகித ஆலை இருந்ததா, ஐயா?

இருந்தது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே. டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த பாதிரியார் சீகன்பால்கு, சில ஆண்டுகளில் அச்சுக்கூடம் அமைத்துத் தமிழ் நூல்களை அச்சிடத் தொடங்கினார். தாள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும், வந்தது போதவில்லை. தாளை மிச்சப்படுத்தச் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ஐ ஒட்டி அருகிலிருக்கும் பொறையாற்றில் ஒரு காகிதப் பட்டறையும் போட்டார்கள். கடுதாசிப் பட்டறை என்ற பெயர் அந்த இடத்துக்கு நிலைத்துவிட்டது; பட்டறைதான் நிலைக்கவில்லை. அந்தக் காலத்துத் தாள் கந்தல் துணியை இடித்துக் கூழாக்கிச் சல்லடையில் அள்ளியது. மரக்கூழ் 1840-களுக்குப் பிறகுதான் உலகில் வந்தது.

பிற்பாடு வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரை காகிதத் தொழிலின் தொட்டிலானது. செராம்பூர் பாதிரிமார்கள் தங்கள் ஆலைக்காக 1820-இல் நீராவி எந்திரம் வரவழைத்தார்கள். பாலி, டிட்டாகர் ஆலைகள் பின்னர் வந்தன. இவையும் கல்கத்தாத் துறைமுகத்தின் நிழலில் இருந்தவை. எடுத்தது ஆற்று நீர். நமக்கு அருகில் என்றால், செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கியதும் வரும் புனலூர் ஆலை. கல்லடை ஆற்றோரத்தில் 1888-இல் தொடங்கியது; மலைக்காட்டில் வளரும் ஈற்றை என்ற மூங்கில் வகையைக் கூழாக்கியது.

வெஸ்ட் கோஸ்ட் பேப்பர் மில்ஸ் என்று ரீம் மேல் அச்சடித்திருக்கிறதே, அது கடலோர ஆலைதானே?

பெயர் மட்டும்தான் கடற்கரை. ஆலை இருப்பது கர்நாடகத்தில் தாண்டேலியில், மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுக்குள், காளி ஆற்றங்கரையில். மூங்கிலும் ஆறும் இருந்த இடத்தைப் பார்த்து 1950-களில் கட்டினார்கள்.

அப்படியானால் மதுரைக்கும் சிவகாசிக்கும் தாள் எங்கிருந்துதான் வருகிறது?

மூன்று வழி. முதலாவது காவிரிக் கரை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தை (டி.என்.பி.எல்.) மாநில அரசு 1979-இல் தொடங்கியது. உலக வங்கிக் கடன் பெற்று, 1984-இல் ஆண்டுக்கு 90,000 டன் திறனோடு ஓட ஆரம்பித்தது. பின்னர் எந்திரங்கள் கூடி 4 லட்சம் டன் அளவுக்கு வளர்ந்தது. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலை 1960-களின் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. நோட்டுக்கும் பாடநூலுக்கும் போகும் மேப்லித்தோ, க்ரீம்வோவ் வகைகள் பெரும்பாலும் இந்தக் கரையிலிருந்து வருகின்றன.

இரண்டாவது, மதுரைக்கு மிக அருகில் உள்ள பெரிய ஆலை. பலர் இதை அறிவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போனால் மணப்பாறையை ஒட்டி மொண்டிப்பட்டி. டி.என்.பி.எல்.-இன் இரண்டாவது ஆலை 2016 முதல் அங்கே இயங்குகிறது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறன். நோட்டுக்கான தாள் அங்கே ஓடுவதில்லை. மருந்து, சோப்பு, தீப்பெட்டி போன்றவற்றின் பெட்டிகளுக்கான பூச்சு அட்டைதான் அதன் சரக்கு.

மூன்றாவது தூத்துக்குடித் துறைமுகம். வெளிநாட்டுக் கூழும் கழிவுத் தாளும் கன்டெய்னர்களில் அங்கே இறங்குகின்றன. டாலர் விலை ஏறினால் சிவகாசியில் காலண்டர் விலை ஏன் ஏறுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

கரும்புச் சக்கையில் தாள் செய்கிறார்களாமே, அலங்காநல்லூர் சக்கையை வைத்து நாமும் செய்யலாமே?

காகிதபுரம் ஆலை உலக அளவில் பேசப்பட்டதே சக்கையால்தான். நூறு டன் கரும்பை அரைத்தால் ஏறக்குறைய 30 டன் ஈரச் சக்கை கிடைக்கும். சர்க்கரை ஆலைகள் அதைத் தங்கள் பாய்லரில் எரிப்பது வழக்கம். ‘சக்கையைக் கொடு, அதற்கு ஈடாக நீராவிக்கோ எரிபொருளுக்கோ வழி செய்கிறேன்’ என்று காகித ஆலை ஒப்பந்தம் போட்டது. மிகச் சாமர்த்தியமான ஏற்பாடு என்பேன். காட்டை வெட்டாமல் மாநிலத்துக்கு ஒரு ஆலை கிடைத்தது.

ஆனால் சக்கையோடு மல்லுக்கட்ட வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு வரை சோறு. நார் இல்லாத அந்தப் பஞ்சுப் பகுதியைப் பிரிக்காவிட்டால் ரசாயனத்தைக் குடித்துவிட்டுத் தாளையும் கெடுக்கும். கரும்பு அரவை சில மாதங்களுக்குத்தான், ஆலையோ ஆண்டு முழுக்க ஓட வேண்டும். அதனால் மலைபோல் குவித்து நீர் தெளித்து ஈரமாகவே பாதுகாக்கிறார்கள். சக்கையின் நார் குட்டையானது என்பதால் மரக்கூழும் கலக்க வேண்டும்.

அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரவையின்றிக் கிடந்த வருத்தம் இந்த வட்டாரம் முழுவதும் தெரிந்ததே. அது முழு மூச்சில் ஓடினாலும் ஒரு சர்க்கரை ஆலையின் சக்கை பெரிய காகித ஆலைக்குப் போதாது. காகிதபுரம் பல ஆலைகளிடம் வாங்குகிறது. வைகை நீரையும் நம்ப முடியாது.

ஆலைப் பக்கம் பஸ்ஸில் போனாலே அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே. உடம்புக்குக் கெடுதலா?

வேகவைக்கும் கரைசலில் இருக்கும் கந்தகம் லிக்னினோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் போன்ற வாயுக்களாகிறது. நூறு கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு இவற்றைப் பிடித்துவிடும். ஆகவே சாலையில் நாற்றம் வருவதால் மட்டும் ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. ஆலைக்குள் மூடிய தொட்டிகளிலும் குழிகளிலும் கதை வேறு. ஹைட்ரஜன் சல்பைடு அடர்ந்த இடத்தில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் சுருண்டு விழுவான். தொட்டி சுத்தம் செய்ய ஒப்பந்தக் கூலிகளை இறக்குபவர்கள் இதை முதலில் படிக்க வேண்டும்.

நல்ல ஆலைகள் இந்த வாயுக்களைக் குழாய் வழியே திரட்டிச் சுண்ணாம்புச் சூளையில் எரித்துவிடுகின்றன. கந்தகமே சேர்க்காமல் சோடாவில் மட்டும் வேகவைக்கும் ஆலைகளில் இந்த நாற்றம் வராது. சக்கைக் குவியலின் புளித்த வாடை தனி. அதையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது.

செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாகிறது, என் நோட்டு ஆகவில்லை. ஏன்?

செய்தித்தாள் காகிதத்துக்கு மரத்தை வேகவைக்காமல் அரைத்தே கூழாக்குவார்கள். லிக்னின் உள்ளேயே தங்கிவிடும். வெளிச்சம் பட்டால் நிறம் மாறும். நோட்டுத் தாளில் லிக்னினை நீக்கியாயிற்று.

நோட்டு அட்டை வளைந்துகொள்கிறது. ஆலையில் செய்த குற்றமா, எங்கள் பட்டறைக் குற்றமா?

பெரும்பாலும் வெட்டிய திசையின் குற்றம். எந்திரம் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டால் நார் அகலத்தில் உப்பும், நீளத்தில் அவ்வளவாக நீளாது. அதனால் நோட்டின் முதுகுக்கு இணையாக நார் ஓடும்படி அட்டையை வெட்ட வேண்டும். ஒரு துண்டை ஈரப்படுத்திப் பாருங்கள். அது சுருளும் உருளையின் நீளவாக்கில்தான் நார் ஓடுகிறது. சிவகாசியின் வறண்ட காற்றில் ஒழுங்காக இருந்த அட்டை ராமேஸ்வரத்துக் கடையில் வளைவதற்கும் இதுவே காரணம்.

கழிவுநீரைக் கடலில் விட்டால் என்ன? கடல் பெரியதுதானே.

உலகமெல்லாம் இப்படித்தான் நினைத்தார்கள். ஜப்பானில் ஃபூஜி நகரத்துக் காகித ஆலைகள் விட்ட கழிவு, 1960-களில் டகோனோரா துறைமுகத்தில் சேறாகப் படிந்து கப்பல் போக்குவரத்தையே தடுத்தது. மீனவர்கள் கிளர்ந்தெழுந்த பிறகு தோண்டி எடுக்க நேர்ந்தது. கனடாவின் ஹவ் சவுண்ட் வளைகுடாவில், கூழாலைகளின் அருகே டையாக்சின் கண்டறியப்பட்டு, 1988-இல் இறாலும் நண்டும் பிடிக்கத் தடை வந்தது. அந்த டையாக்சின் கூழைக் குளோரின் வாயுவால் வெளுத்ததன் விளைவு. இப்போது நல்ல ஆலைகள் அதைக் கைவிட்டுக் குளோரின் டை ஆக்சைடுக்கு மாறிவிட்டன. நச்சு பெரும்பாலும் நின்றது. ஆனால் நிறமும், தப்பி வரும் நாரும், கரைந்த கழிவும் மிச்சம். நார் அடியில் படிந்து அழுகும். பழுப்பு நிறம் வெளிச்சத்தை மறைக்கும்.

ஆழமும் நீரோட்டமும் உள்ள கடலில் குழாயைத் தொலைவுக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்த நீரைப் பரப்பி விடுவது வேறு. நம் கடல் அப்படிப்பட்டதல்ல. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள். ஆழம் குறைந்த நீர், பவளப் பாறைகள், கடற்புல், கடற்பசு. 1986-இல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளம் வாழ்வதே தெளிந்த நீரில் இறங்கும் வெளிச்சத்தால். பழுப்புத் தண்ணீருக்கு இதைவிடத் தவறான இடம் இந்தியக் கடற்கரையில் அதிகம் இருக்காது. போதாததற்கு, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதல் நடைமுறையில் உள்ளன. கரையில் இருந்தே தீர வேண்டிய தொழில்களுக்குத்தான் அங்கே இடம். காகித ஆலை அந்த வகையில் வராது.

காகிதபுரத்தில் சுத்திகரித்த நீரைச் சுற்றுவட்டார விவசாயிகளின் சங்கம் வழியாகப் பாசனத்துக்குக் கொடுக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த நீரில் சோடியம் இருக்கும் என்பதால் எந்த மண், எந்தப் பயிர் என்று பார்த்துத்தான் பாய்ச்ச வேண்டும்.

சரி, ஆலையைக் கரையிலிருந்து தள்ளியே கட்டுவோம். கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் வைத்தால் ராமநாதபுரத்தில் ஓடாதா?

கணக்குப் போடுவோம். முன்பு இந்திய ஆலைகள் ஒரு டன் தாளுக்கு 200 கன மீட்டர் வரை தண்ணீர் குடித்தன. இப்போது நன்றாக நடத்தும் ஆலைகள் அதை 50-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டன. நாளுக்கு 1,000 டன் ஓட்டும் ஆலைக்கு 50 என்றே வைத்தாலும் தினம் 5 கோடி லிட்டர். மதுரை மாநகருக்காக லோயர் கேம்பிலிருந்து முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டுவரும் திட்டத்தின் அளவே நாளுக்கு 12.5 கோடி லிட்டர். ஒரு நகரத்துக்கான பெருந்திட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரு ஆலை கேட்கிறது.

கடல்நீரைச் சுத்திகரிக்க ஆயிரம் லிட்டருக்கு 60 ரூபாய் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், டன் தாளுக்குத் தண்ணீர்ச் செலவு மட்டும் 3,000 ரூபாய். காவிரிக் கரை ஆலைக்கு அந்தச் செலவு இல்லை. விலையில் போட்டி போட முடியாது. தாமிரபரணியைக் காட்டுபவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்கு நீர் கொடுத்ததே வழக்காகிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இன்னொரு பெரிய வாயை அந்த ஆறு தாங்காது. ராமநாதபுரத்தில் வைகையே கடலைத் தொடுவது அபூர்வம்.

நான் சவுக்கு வைத்தால் ஆலை வாங்குமா, தம்பி?

வாங்கும். சவுக்கு இன்று தமிழக, ஆந்திர ஆலைகளுக்கு முக்கியமான கூழ்மரம். யூகலிப்டஸைப் போலவே தேவை இருக்கிறது. கடலோர மணலிலும் வளரும் மரத்தைக் காகித ஆலைக்காரர்கள் உள்நாட்டுத் தோட்டங்களில் வளர்க்கச் சொல்லி நாற்றுக் கொடுக்கிறார்கள். டி.என்.பி.எல். இருபது ஆண்டுகளாக இந்தப் பண்ணைக்காட்டுத் திட்டத்தை நடத்துகிறது.

தோட்டம் போடுமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: விலை ஆலை வாசலிலா, வயலிலா; வெட்டுக்கூலி யாருடையது; பட்டையோடு எடையா, உரித்த பிறகா. பச்சை மரம் நாளாக ஆக உலர்ந்து எடை இறங்கும். மேலூரில் வெட்டி காகிதபுரத்துக்கு ஏற்றினால் வாடகை லாபத்தை அரித்துவிடும் என்பதால், மொண்டிப்பட்டி எடுக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது. அங்கே கழிவுத் தாளும் வாங்கிய கூழும்கூட மூலப்பொருளாகப் போவதால், எந்தப் பருவத்தில் எவ்வளவு மரம் தேவை என்பது மாறும்.

கடலோர ஆலை அவ்வளவு லாபம் என்றால் பவல் ரிவர் ஆலை ஏன் மூடியது?

கடல் மாறவில்லை, வாடிக்கையாளர் மாறிவிட்டார். வட அமெரிக்காவில் செய்தித்தாள் படிப்பது 2000-க்குப் பிறகு சரிந்துகொண்டே வந்தது. ஆலை எந்திரம் ஒவ்வொன்றாக நிறுத்தி, 2021-இல் உற்பத்தியை முழுவதும் முடக்கி, 2023-இல் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். ஒரே ஆலையை நம்பிப் பிறந்த ஊருக்கு அது எத்தகைய அடி என்பதை மில் சங்கு ஊதிய காலத்தை அறிந்த மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் அதே காற்று அடிக்கிறது. செய்தித்தாள் காகிதத்துக்கென்று பெயர் வைத்துப் பிறந்த டி.என்.பி.எல்., இப்போது பெரும்பாலும் எழுதும் தாளும் அச்சுத் தாளும் ஓட்டுகிறது. புதிதாகப் பணம் போட்டபோது மொண்டிப்பட்டியில் அட்டை எந்திரத்தைத்தான் வாங்கியது. இணையத்தில் வாங்கும் ஒவ்வொரு பொருளும் பெட்டிக்குள் வருகிறதே, அதுதான் இனி தாள் ஆலைகளின் சோறு.

மரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பழைய பேப்பரையே திரும்பத் திரும்பக் கரைத்துத் தாள் செய்துகொண்டே போகலாமே?

தண்ணீர் வேண்டாம் என்று யார் சொன்னது? குறையும், அவ்வளவுதான். டைஜஸ்டரும் ரெக்கவரி பாய்லரும் இல்லாமல் போவது பெரிய மிச்சம். அதனால்தான் சிறிய முதலாளிகளால் இந்த ஆலைகளைத் தொடங்க முடிகிறது. எழுத்துத் தாளாக்க வேண்டுமென்றால் மையை நீக்க வேண்டும். அதற்குத் தனி எந்திரம், தனிக் கழிவு. பழுப்பு அட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை.

தடை நாரில் இருக்கிறது. ஒவ்வொரு முறை கரைத்து உலர்த்தும்போதும் நார் குட்டையாகி விறைக்கிறது. ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு சல்லடையில் தங்காமல் கழிவுநீரோடு போய்விடும். எங்காவது ஒருவர் புதுநாரைச் சேர்த்துக்கொண்டே இருந்தால்தான் சுற்று நடக்கும். மதுரையில் சேகரிக்கும் அட்டைப் பெட்டி ஏற்கெனவே பலமுறை கூழானது. பெட்டி செய்தால் மடிப்பில் கிழியும். குளிர்நாட்டுப் பைன் மர நாரில் செய்த வெளிநாட்டுப் பழைய பெட்டிக்கு நீண்ட நார் இன்னும் மிச்சம் இருக்கும். தூத்துக்குடியில் கன்டெய்னர் கன்டெய்னராக வெளிநாட்டுக் குப்பைப் பெட்டிகள் இறங்குவதும், உள்ளூர்ச் சரக்கைவிட அதற்கு விலை கூடுதலாக இருப்பதும் அந்த நாருக்காகத்தான்.